மூன்று டம்ளர் வழக்கு

ஒரு வழக்கைச் சொல்லப்போகிறேன். தீர்ப்பு உங்களுடையது. நடுவில் எழுந்து போய் ஆளுக்கொரு பக்கம் கட்சி சேர்ந்துவிடாதீர்கள். இந்த வழக்கில் கட்சி சேர்ந்தவர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள்.

கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் தளவாய். மனைவி செண்பகவல்லி தையல்காரி. இவர்களுக்கு ஒரே பெண் தர்ஷிகா, எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. ஆனால் நாலு மணி ஆனால் போதும், அடுப்புமேடையில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக அடுக்கிவிடுவாள். அப்பா, அம்மா, நடுவில் தான். மூன்றும் கல்யாணத்துக்கு வந்த ஒரே செட். இரண்டில் முன்பே பெயர் வெட்டியிருந்தது. மூன்றாவதில் இவள் பிறந்ததும் வெட்டினார்கள். தளவாயின் டம்ளர் விளிம்பில் ஒரு நசுங்கல்.

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டால் விடிந்துவிடும். பாத்திரங்களை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு வந்தபோது, பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்வது என்று பெரியவர்கள் சொன்னார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவன் டம்ளர் அவனோடு போனது, அவள் டம்ளர் அவளோடு. பிள்ளையின் டம்ளர் பிள்ளையின் பையில்.

வழக்கு முடியும்வரை பிள்ளை ஐந்து நாள் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம். இரண்டு வீட்டிலும் நாலு மணிக்குச் சரியாக அழுகை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். "அங்க போய்ட்டு வந்தாத்தான் இப்படி அழுறா" என்றாள் தாய். "என்னை விட்டுட்டு இருக்க முடியல, அதான் அழுறா" என்றான் தகப்பன். பிள்ளை முழுக்கத் தனக்கே வேண்டும் என்று இருவரும் மனுப் போட்டார்கள்.

நீதிபதியம்மா ஒரு சிறப்பு ஆசிரியையை இரண்டு வீட்டுக்கும் அனுப்பினார். ரெஜினா டீச்சர் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிள்ளை இரண்டு டம்ளரை வைத்தாள். மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தைக் கையால் தடவினாள். பிறகுதான் அழுகை.

"அவ உங்களைத் தேடல, உங்க டம்ளரைத் தேடல" என்று டீச்சர் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "காணாமப்போன ஒண்ணைத் தேடுறா. கடைசியா ஒரு சனிக்கிழமை அப்பா வீட்டுக்கு வருவேன். அன்னைக்குப் பாக்கிறதைத்தான் எழுதிக் கொடுப்பேன்."

அவனிடம் போய் டம்ளர் கேட்பதாவது! செண்பகவல்லி நேரே பாத்திரக்கடைக்குப் போனாள். புதுசாக ஒன்று வாங்கி, யாரை விட்டு வந்தாளோ அவன் பெயரையே வெட்டச் சொன்னாள். "இனிஷியல் போடணுமாக்கா?" என்று கடைக்காரர் கேட்க, முகம் சிவந்துபோனது. பிள்ளை அதைக் கையில் வாங்கினாள், விளிம்பைத் தடவினாள், நசுங்கல் இல்லை, தள்ளிவிட்டாள்.

தளவாய் அந்த ஞாயிற்றுக்கிழமை தன் டம்ளரையே பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிட்டான். அவனுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "அங்க அழுகை நின்னுடும். இங்க மட்டும் அழுவா. கேஸ் போச்சுய்யா!"

"அழுற இடம் ஒண்ணு கொறையுதுல்ல சார்" என்றான் தளவாய்.

அப்படியே நடந்தது. அம்மா வீட்டில் மூன்று டம்ளரும் சேர்ந்தன, பிள்ளை பாலைக் குடித்துவிட்டுக் கைதட்டினாள். செண்பகவல்லியின் வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமே நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்மா. சும்மா இருந்தாலே பிள்ளை உங்களுக்குத்தான்."

அந்தக் கடைசி சனிக்கிழமைக்காகப் பிள்ளையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் கூட்டிப்போய் அப்பா வீட்டில் விடவேண்டும். செண்பகவல்லி துணிகளை மடித்து வைத்தாள். பிள்ளையின் டம்ளரை வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். திரும்பத் திறந்தாள். தளவாயின் டம்ளரை வைத்தாள். கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் டம்ளரையும் வைத்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு டீச்சர் முன்னால் பிள்ளை மூன்றையும் அடுக்கினாள். அழவில்லை. தளவாய்தான் அழுதான்.

சொல்லுங்கள் பார்ப்போம். தோற்போம் என்று தெரிந்தே கொடுத்தான் அவன். ஜெயித்தாயிற்று என்று தெரிந்த பிறகு கொடுத்தாள் இவள். இருவரில் யார் கொடுத்தது பெரிது? பிள்ளையை யாரிடம் விடுவது சரி?

விடை: கையில் வந்த வெற்றியை விட்டுக்கொடுத்தவள் செண்பகவல்லி; அதனால் அவளுடையதே பெரிது. ஆனால் அவன் முதலில் கொடுத்திராவிட்டால் அவளுக்குக் கொடுக்கத் தோன்றியிருக்காது. ஒருவர் போதும் என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் சொல்லவில்லை, தினமும் மூன்று வைத்தாள். நீதிபதியம்மா இரண்டு மனுவையும் தள்ளினார். ஐந்து நாளும் இரண்டு நாளும் அப்படியே தொடரட்டும், மூன்று டம்ளரும் பிள்ளை போகும் இடத்துக்கெல்லாம் போகட்டும் என்று எழுதினார். அவர்கள் மறுபடி சேரவில்லை, சேரப்போவதாகவும் தெரியவில்லை. பிள்ளை இல்லாத சனி ஞாயிறுகளில் செண்பகவல்லி காப்பி குடிப்பது தளவாய் என்று பெயர் வெட்டிய அந்தப் புது டம்ளரில்தான். கேட்டால், "வீட்ல வேற டம்ளர் இல்ல, அதான்" என்கிறாள்.