சுனை வளைவு

சேவற்கரட்டின் அடிவாரத்தில் இருக்கும் மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மனக்குறையோடு வருவார்கள். பொன்னுரங்கம் வலது குதிகாலோடு வந்தார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் கிணறு, முன்னால் கருங்கல் படிகள். அங்கே இருந்தவர் நாச்சியம்மை. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் காவி கட்டியவர். கட்டி எத்தனையோ வருஷமாகியும் ஊர் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டது. வயதில் பொன்னுரங்கத்தைவிட நன்றாகவே இளையவர். ஆனாலும் பொன்னுரங்கம் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற மனிதர் அவர். யாரையும் அண்ணாந்து பார்த்துப் பழக்கமில்லை. இந்த ஒருவர் முன்னால் மட்டும் தரையில் உட்காருவார்.

அன்று உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்கய்யா?"

"குதிகால் நரம்பு இழுத்துப் பிடிக்குதும்மா."

"எப்பப் பிடிக்குது?"

"காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது. கட்டை மாதிரி இருக்கும். சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்."

"ஓடும்போது?"

"கொஞ்ச தூரம் போனா இளகிரும்."

"ஓடி முடிச்ச பெறகு?"

பொன்னுரங்கம் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தார். ஓடி முடித்த பிறகு அவரால் செருப்பைக்கூட மாட்ட முடியாது. இதை அவர் மனைவிக்கே சொன்னதில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இப்படியே ஓடுனா ஒருநாள் அறுந்துரும்ங்கறாரு. நிறுத்தச் சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அந்த டாக்டர்ட்டப் போறத நிறுத்திட்டேன்."

பொன்னுரங்கம் செய்யாத வைத்தியமில்லை. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். உப்பு ஒத்தடம் கொடுத்தார். துண்டைப் பாதத்தில் மாட்டி, நரம்பு வழிக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இழுக்க இழுக்க அது இன்னும் முறுக்கிக்கொண்டது. பிடிவாதத்தில் அதுவும் அவருடைய உடம்புதானே.

"தைப்பூசம் வருதும்மா," என்றார். "நிக்காம ஓடணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தைப்பூசத்தன்று ஆற்று மண்டபத்தில் ஏற்றும் ஜோதியை, உச்சிக்காலப் பூசைக்குள் கரட்டின் மேலிருக்கும் வேலவர் கோயிலுக்கு ஓடியே கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஆள் மாற்றி ஆள் ஓடுவார்கள். மாறுகிற இடத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் நிற்கக் கூடாது. இருவரும் பந்தத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். வாங்குபவர் "ஏந்திக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் கொடுப்பவர் கையை எடுக்கலாம். சொன்ன பிறகு எடுக்காமலும் இருக்கக் கூடாது.

அடிவாரத்திலிருந்து சுனை வளைவு வரை பொன்னுரங்கத்தின் ஓட்டம். வளைவிலிருந்து கோயில் வரை, செங்குத்தான கடைசி ஏற்றம், அவருடைய மகன் இளம்பரிதியின் ஓட்டம். அப்பன் கொடுக்க மகன் வாங்குவதைப் பார்க்கவே வளைவில் ஒரு கூட்டம் நிற்கும்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் இளம்பரிதி போய்விட்டான். இருபத்து நான்கு வயது. அடுத்த தைப்பூசத்துக்கு வளைவில் யாரை நிறுத்துவது என்று ஊரில் ஒருவருக்கும் கேட்க வாய் வரவில்லை. ஆகவே யாரையும் நிறுத்தவில்லை. பொன்னுரங்கம் வளைவைத் தாண்டி, மகனுடைய ஏற்றத்தையும் சேர்த்துத் தானே ஓடினார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நாலு வருஷத்தில் அதுவே முறை என்றாகிவிட்டது.

நாச்சியம்மை எழுந்து வெளியே போனார். பொன்னுரங்கம் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

"இந்தப் படி விளிம்புல முன்பாதத்த மட்டும் வச்சு நில்லுங்க. குதிகால் ரெண்டும் வெளிய இருக்கட்டும். சுவத்தப் பிடிச்சுக்கங்க."

நின்றார்.

"எக்குங்க."

எக்கினார். கம்பம் ஏறிய கால். உடம்பை அலட்சியமாகத் தூக்கியது.

"இப்ப எடது கால எடுத்துருங்க. வலது கால்ல மட்டும் நின்னு, குதிகால மெதுவாக் கீழ விடுங்க."

குதிகால் தொப்பென்று இறங்கியது. பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார்.

"இன்னொரு தரம். மெதுவா."

மறுபடியும் தொப்பென்றுதான் விழுந்தது.

"எறக்கும்போதுதாம்மா வலிக்குது. ஏத்துறது மட்டும் செஞ்சா போதாதா?"

"ஏத்துறதுக்கு ஒங்களுக்கு என் தயவு எதுக்கு? தெனம் காலைலயும் சாயங்காலமும் இதச் செய்ங்க. ஓட்டத்தப் பாதியாக் கொறைங்க."

மார்கழி முழுக்கப் பொன்னுரங்கம் வீட்டு வாசற்படியில் எக்கி எக்கி இறங்கினார். பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் பவளக்கொடி, எதிர்வீட்டுப் பெண், கோலம் போட வரும்போதெல்லாம் பார்ப்பாள். "என்ன மாமா, படி ஆடுதான்னு பாக்குறீங்களா?" என்பாள். அவளும் ஓடுகிறவள்தான். ஆற்று மண்டபத்திலிருந்து ஜோதியை முதலில் எடுப்பது அவள்தான்.

ஓட்டத்தையும் அவர் குருவின் சொல்படி பாதியாக்கினார். காலையில் பாதி ஓடினார். மீதிப் பாதியை மாலையில் ஓடினார்.

மாதக் கடைசியில் மறுபடி மடத்துக்குப் போனபோது, நாச்சியம்மை அவருடைய குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். நரம்பு தடித்து, சூடாக இருந்தது.

"பாதியாக் கொறைச்சீங்களா?"

"கொறைச்சேம்மா."

"எந்தப் பாதிய?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கம்பத்தின் உச்சியில், மின்சாரம் ஓடும் கம்பிகளுக்கு நடுவே வேலை பார்த்த மனிதர். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அப்போது இருந்தார்.

"யாருய்யா ஒங்களத் தொரத்துறா?"

"யாரும் தொரத்தலம்மா."

"அறுந்துரும்னு டாக்டர் சொல்லியும் ஓடுறீங்க. வளைவுக்கு மேல அறுந்தா, நீங்களும் விழுவீங்க, ஜோதியும் விழும். அது தெரியும்ல?"

"தெரியும்."

"வளைவுல வேற ஆளு வாங்கிக்கிட்டா என்ன?"

கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

"வளைவுல ஆளு நின்னா, நான் பந்தத்த நீட்டணும்மா. நீட்டுனா, வாங்குற கை அவன் கையா இருக்காது. ஓடிக்கிட்டே போயிட்டா எனக்கு அது தெரியாது. அவன் அங்கதான் நிக்கிறான், நாந்தான் நிக்காம வந்துட்டேன்னு நெனைச்சுக்குவேன். கோயில் வரைக்கும் அப்படியே போயிருவேன்."

அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாச்சியம்மை தேற்றவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை குதிகாலிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் நான் என்ன செய்யட்டும்மா?"

நாச்சியம்மை எழுந்து படிக்குப் போனார். தானே விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்றார். எக்கினார். இடது காலை எடுத்துவிட்டு வலது குதிகாலை இறக்கத் தொடங்கினார். அது இறங்குவதே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக இறங்கியது. கெண்டைக்கால் நடுங்கியது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். குதிகால் படிக்குக் கீழே போய் நின்றதும் நாச்சியம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"எறக்கும்போது எனக்கும் வலிக்குதுய்யா," என்றார். உள்ளே போய்விட்டார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பொன்னுரங்கம் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பவளம், நாளைக்கு மண்டபத்துல வேற யாராவது எடுக்கட்டும். நீ சுனை வளைவுல நில்லு தாயி."

பவளக்கொடி கையிலிருந்த பால் தூக்கைக் கீழே வைத்தாள். அவளும் இளம்பரிதியும் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமா?"

"மறுபடி கேக்காத. கேட்டா மாத்திச் சொல்லிருவேன்."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஜோதி அடிவாரத்துக்கு வந்துவிட்டது. பொன்னுரங்கம் வாங்கிக்கொண்டு ஓடினார். முதலில் குதிகால் கட்டையாக இருந்தது; பிறகு இளகியது. இளகியதும் பழைய ஆசை வந்தது. இந்தக் கால் இன்று கோயில் வரைக்கும் தாங்கும் என்று தோன்றியது. தாங்கியும் இருக்கலாம்.

வளைவு தெரிந்தது. கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு முன்னால் பவளக்கொடி. அவரைப் பார்த்ததும் மெல்ல ஓட ஆரம்பித்து, கையைப் பின்னால் நீட்டினாள்.

அவர் பக்கத்தில் போனார். பந்தத்தை நீட்டினார். இரண்டு கைகளும் ஒன்றாய்ப் பிடித்தன. அவள் கை சின்னக் கை, பால் கேன் தூக்கிக் காய்த்துப்போன கை. அது வேறு யாருடைய கையாகவும் இல்லை.

"ஏந்திக்கிட்டேன் மாமா."

பொன்னுரங்கம் விடவில்லை.

கூட்டத்தில் சத்தம் அடங்கியது. இருவரும் பந்தத்தைப் பிடித்தபடியே ஏற்றத்தில் ஓடினார்கள். சாய்வில் அவருடைய குதிகால் நரம்பு விண்ணென்று இழுத்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பவளக்கொடி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தையும் மாற்றவில்லை. ஆனால் குரல் உடைந்திருந்தது.

"ஏந்திக்கிட்டேன் மாமா."

அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

ஜோதி மேலே போனது. கூட்டமும் அரோகரா போட்டுக்கொண்டு அதன் பின்னால் போனது. பொன்னுரங்கம் தடுமாறி நின்று, மெல்லத் திரும்பி, வளைவுக்கே நடந்து வந்தார். அங்கே சுனையோரப் பாறையில் நாச்சியம்மை உட்கார்ந்திருந்தார்.

பொன்னுரங்கத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மகன் நின்ற இடத்தைப் பார்த்தார். கொஞ்சம் புல், கொஞ்சம் சரளைக்கல். வேறொன்றுமில்லை.

"யாருமே இல்லம்மா," என்றார்.

"ஆமாங்கய்யா."

"நானும் மேல போயிரட்டுமா? நடந்தாவது போறேன். இங்க எனக்கு என்ன வேலை?"

நாச்சியம்மை நகர்ந்து, பாறையில் அவருக்கு இடம் விட்டார்.

"ஒங்க பிள்ளை வருஷா வருஷம் இங்கதான் காத்துக்கிட்டு நின்னான். நீங்க ஒருதரம்கூட இங்க நின்னதில்ல. கொஞ்சம் நில்லுங்கய்யா."