ஏழாம் கூடாரத்து விளக்கு

இந்தப் புதிருக்கு விடை சொல்ல நினைப்பவர்கள் ஓர் அரிக்கேன் விளக்கின் மேல் கண் வைத்துக்கொள்ளட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழனி மலைத்தொடரின் மேலே ஊசியோடை ஏரி. அதன் கரையில் பன்னிரண்டு கூடாரங்களோடு முகாம் தொடங்கியவர் ஞானப்பிரகாசம். சித்திரையில் குழந்தை குட்டிகளோடு வருபவர்களுக்குப் பரிசல் சவாரி. ஆடிச் சாரலில் முகாமை மூடிவிட்டுக் கிழிந்த கூடாரங்களைத் தைப்பார்கள். ஆவணியில் பேரிக்காய் பறிப்பு. மார்கழியில் உறைபனி, கணப்பு, கருப்பட்டிக் காபி. அப்போது குழாயில் தண்ணீர் உறைந்துபோகும். விடியலில் காபி வேண்டுமென்றால், கூடாரத்து எண் பொறித்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் ஏரிப்படியில் இறங்க வேண்டியதுதான். காசு கொடுத்து நடுங்க வருபவர்களுக்கு அதுவும் ஒரு சுகம்.

முகாமில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே போனவர் ஏரிக்குப் போயிருந்தால் அவருடைய விளக்கு கூடாரத்தின் ஏரிப்பக்கக் கொக்கியில் எரியும். சாலைக்குப் போயிருந்தால் சாலைப்பக்கக் கொக்கியில். திரும்பி வந்தவர் தானே ஊதி அணைக்க வேண்டும். வேறு யாரும் அணைக்கக் கூடாது. எரிகிற விளக்கை எண்ணினால் வராதவர் கணக்குத் தெரிந்துவிடும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், ஏழாம் கூடாரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு புது ஜோடி வந்தது. செண்பகவல்லி பள்ளி ஆசிரியை, கணவன் சோலையப்பன். முதல் நாள் இரவு இருவருக்கும் வாய்த்தகராறு. விடிந்து பார்த்தால் கணவனைக் காணோம். கட்டுப்பாடு பழகாத புது ஆள், விளக்கை எந்தக் கொக்கியிலும் மாட்டாமலே போயிருந்தான். ஏரியில் இரண்டு நாள் வலை போட்டும் ஒன்றும் சிக்கவில்லை. குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் முதல் பஸ்ஸில் ஏறினார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மார்கழியில் அந்த மலையில் குரங்குக் குல்லாய் போடாதவர் யார்? ஆனாலும் எல்லோரும் அந்த பஸ்ஸையே பிடித்துக்கொண்டார்கள்.

ஏழாம் எண் கெட்டிலும் காணவில்லை என்பது ஞானப்பிரகாசத்துக்கு அன்றே தெரியும். புருஷனைத் தொலைத்து நிற்பவளிடம் கெட்டிலைக் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டார். பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: “அவர் வர்ற வரைக்கும் அந்தக் கூடாரத்த மார்கழியில பிரிக்க மாட்டேம்மா.”

அது முதல் மார்கழி தவறாமல் டீச்சர் வந்தாள். ஏரிக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். விளக்கைச் சாலைப்பக்கம் மாட்டச் சொல்வாள். ஞானப்பிரகாசத்தின் மகள் ரெஜினாவிடம் ஒருமுறை, “வந்தார்னா அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள். என்னவென்று சொல்லவில்லை.

காலையில் விளக்குகளை எடுத்து வைப்பது ரெஜினாவின் வேலை. ஏழாம் கூடாரத்து விளக்கு மட்டும் விடியலில் ஏரிப்பக்கக் கொக்கியில் இருக்கும், எண்ணெய் தீர்ந்து, கரிபிடித்து. அண்ணன்மார் இன்னாசி, ஆல்பர்ட் இருவரின் குறும்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு அப்பாவைச் சந்தேகித்தாள். அப்பா இறந்தார். அண்ணன்மார் இருவரும் திண்டுக்கல் போயிருந்த ஒரு நாளிலும் விளக்கு இடம் மாறியிருந்தது. அன்று அவளுக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது. பைத்தியம் என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் மழை பொய்த்து, ஏரி என்றுமில்லாதபடி வற்றியது. கார்த்திகைக் கடைசியில் கோரைப் புதருக்கடியில் ஒரு கெட்டில் கிடைத்தது. அடியில் ஏழு என்ற எண். உள்ளே சேறு, சேற்றுக்குள் வார் அறுந்த ஒரு கைக்கடிகாரம். பின்பக்கத்தில் சோலையப்பன், செண்பகவல்லி என்ற பெயர்களும் கல்யாணத் தேதியும் பொறித்திருந்தன.

டீச்சர் வரும் நாள். மூத்தவன் இன்னாசி ஏழாம் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினான். வரும் வரைக்கும் என்பதுதான் அப்பாவின் வாக்கு, இனி வர ஆளில்லை, வாக்கும் முடிந்தது என்பது அவன் கட்சி. அவள் கேட்டால் கூடாரம் கிழிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றான்.

ஆல்பர்ட் அவனைத் தடுத்து முளைகளை மறுபடி அடித்தான். கெட்டிலையும் கடிகாரத்தையும் விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தான். “எங்கேயோ உசுரோட இருக்காருன்னுதானே இத்தன வருஷம் ஓட்டிருக்காங்க. அதுல மண்ணப் போடாதீங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ரெஜினா கொட்டகைக்குப் போனாள். கெட்டிலைச் சாம்பல் போட்டுத் துலக்கி, கடிகாரத்தைத் துடைத்து, இரண்டையும் டீச்சரின் நாற்காலியில் வைத்தாள். சாலையில் பஸ் வந்து நின்றது.

ஒருவன் வாக்கின் சொல்லைப் பார்த்தான். ஒருவன் அவள் உயிரைப் பார்த்தான். ஒருத்தி உண்மையைக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தாள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்ததுதான். டீச்சர் நாற்காலியைப் போட்ட திசையைப் பாருங்கள். அவர் இறந்துவிட்டாரோ என்பதல்ல அவள் துக்கம். என்னை ஏன் விட்டுப் போனாய் என்பதுதான் அவள் கேட்கக் காத்திருந்த கேள்வி. சண்டை போட்டவளுக்குக் காபி வைக்கத் தண்ணீர் மொள்ளப் போனவன் அவன். அந்தப் பதில் இருபத்திரண்டு வருடம் கெட்டிலுக்குள் கிடந்தது. டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நாற்காலியை ஏரிப்பக்கம் திருப்பினாள். “விளக்கயும் இந்தப் பக்கம் மாட்டு, ரெஜினா” என்றாள்.

மறுநாள் விடியலில் ரெஜினா போய்ப் பார்த்தாள். விளக்கு மாட்டிய கொக்கியிலேயே இருந்தது. தான் அணைக்கவில்லை என்றாள் டீச்சர். எண்ணெய் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. யாரோ ஊதி அணைத்திருந்தார்கள்.