கட்டிலுக்குள் நின்ற தூண்

காக்கரைப்பட்டி பொன்னுரங்கத்துக்கு ஒரே மகள், மூன்று மைத்துனர்கள். மகள் செண்பகத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. ஏகாம்பரம், கனகசபை, துளசி என்கிற மைத்துனர்களைப் பற்றிக் கவலைப்படவே அவருக்கு நேரம் போதாது.

செண்பகத்துக்கு அடுத்த தெருவில் மாப்பிள்ளை. சம்பந்தியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். "தேக்குக் கட்டில் என் கண்ணு முன்னால இருக்கணும். இல்லேன்னா தாலி ஏறாது."

வேலாயுத ஆசாரி கட்டிலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அறுத்துச் செதுக்கி வைத்துவிட்டார். நாலு கால், நாலு சட்டம். ஒவ்வொரு சட்டத்தின் நுனியிலும் நாக்கு மாதிரி ஒரு கழுந்து. கழுந்து போய் உட்கார, காலில் ஒரு துளை. பூட்டுவதற்குள் வெளியூரில் தேர் வேலை என்று ஆள் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள், கிளம்புகிற அவசரத்தில் மைத்துனர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கழுந்து இறுக்கமா இருக்கும், சீவிடாதீங்க. மரச் சுத்தி இருக்கே, அந்தக் கொட்டாப்புளியால தட்டி இறக்குங்க. இரும்பு ஆணி கிட்டயே வரக் கூடாது. கால் நிமிர்ந்து நிக்குதான்னு கூடத்துத் தூணைப் பார்த்து நேர் பிடிங்க. கடைசியா கழுந்து கழலாம இருக்க மரமுளை அடிங்க. முளை அடிச்சதை எவனாவது கழட்டினா, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன். சட்டத்துக்கு நடுவுல நாடாவை நான் வந்து பின்னிக்கிறேன்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை ஒரு குறையும் சொல்ல முடியாது.

மறுநாள் விடிந்ததுமே வேலை தொடங்கியது. பத்தரைக்கு முகூர்த்தம். பெண்ணும் பெண்டுகளும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதல் காரியமாக வீட்டில் இருந்த ஆணியை எல்லாம் பிடுங்கினார்கள். காலண்டர் விழுந்தது. சட்டை மாட்டும் பலகை விழுந்தது. ஏகாம்பரத்தின் செருப்பிலும் நாலு ஆணி இருந்தது. அதைப் பிடுங்கியதும் அடித்தோல் தனியாகப் போய்விட்டது.

"இப்ப தூணைப் பார்த்து நேர் பிடிக்கணும்" என்றான் துளசி.

"முன் கால் ரெண்டும் தூணைப் பார்க்கும். பின் கால் எப்படிப் பார்க்கும்? முன் கால் மறைக்குதே" என்றான் கனகசபை.

"ரெண்டு பார்த்து ரெண்டு பார்க்கலேன்னா கட்டில் ஆடும்" என்றார் பொன்னுரங்கம். வருத்தமான விஷயம், அவரும் அந்த வீட்டுக்காரர்தான்.

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தான். "தூணை நடுவுல விட்டு, நாலு காலையும் சுத்தி வர நட்டா?"

அப்படியே செய்தார்கள். காலுக்கு ஒரு ஆளாகப் பிடித்துக்கொண்டு, கழுந்தைத் துளையில் தட்டி இறக்கி, முளை அடித்து முடித்தபோது கட்டில் துளிகூட ஆடவில்லை. பொன்னுரங்கம் பெருமையோடு சொன்னார், "தூக்குங்கடா."

தூக்கினார்கள். நடுவில் தூண் நின்றது.

"கட்டிலைக் கழட்டவா?" என்றான் துளசி.

"முளை அடிச்சாச்சே. ஆசாரி மனுஷனா இருக்க மாட்டாரு. அவர் அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்றான் ஏகாம்பரம்.

கனகசபை உத்திரம் வரை ஏறிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கத்தினான். "மாமா! தூணுக்கும் தலையில கழுந்துதான் இருக்கு. ஆனா முளை அடிக்கல!"

முளை அடிக்காததைக் கழட்டலாம். ஓடு சரியாமல் உத்திரத்தைத் தாங்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பொன்னுரங்கம் தலையில் சும்மாடு கட்டி, கவிழ்த்த உரல் மேல் ஏறி நின்றார். முதலில் கட்டிலுக்குள்தான் நின்றார். "நீங்க உள்ள இருந்தா கட்டில் எப்படி வெளிய வரும்?" என்று துளசி கேட்டான். அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். அவர் வெளியே மாறி நின்றார். தூண் கழன்றது, கட்டில் விடுபட்டது. மூவரும் ஆரவாரத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மணவறையில் ஐயர் கேட்டார், "பொண்ணோட தோப்பனார் எங்கே?"

மூவரும் கட்டிலைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

"மாமா வேலையா இருக்காரு" என்றான் கனகசபை.

"மக கல்யாணத்தைவிட அப்படி என்ன வேலை?" என்றாள் சம்பந்தியம்மா.

"தூண் வேலை."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா இல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று செண்பகம் அழுதாள். வேறு வழியில்லாமல் ஐயர், மாப்பிள்ளை, மேளம் எல்லாம் பெண் வீட்டுக்கு ஓடின. கண் முன்னால் இருக்க வேண்டுமே, கட்டிலும் கூடவே வந்தது. பொன்னுரங்கம் உத்திரத்தைத் தலையிலும் ஒரு கையிலும் தாங்கியபடி, மறு கையால் மகள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. துளசிதான் துடைத்துவிட்டான்.

தாலி ஏறியது. "கழுத்து போகுதுடா, தூணை வைங்க" என்றார்.

தரையில் காலையில் கிடந்த கட்டிலின் கால் தடம் அப்படியே இருந்தது. "நேர் தப்பக் கூடாது" என்று ஏகாம்பரம் சொல்ல, முதலில் கட்டிலைத் தடத்தின் மேல் வைத்து, பிறகு தூணை நிறுத்தினார்கள். மேலே வெகுநேரம் தட்டும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் இறங்கிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். நாலு காலும் தூணைப் பார்த்து நின்றன. சம்பந்தியம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சும்மாட்டை எடுத்து மறுபடியும் தலையில் வைத்தார். "சரி, கழட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"முடியாது மாமா" என்றபடி ஏகாம்பரம் மேலேயிருந்து வியர்வையைத் துடைத்தான். "காலையில முளை இல்லாமத்தானே கழண்டுச்சு? இப்ப துளை போட்டு, தூணுக்கும் ஒண்ணு அடிச்சுட்டேன்."