முயல் கொழுக்கட்டை செய்த நரி

மூங்கில்பள்ளம் என்ற காட்டில் செவந்தான் என்று ஒரு நரி இருந்தது. நரி என்றதும் தந்திரம், வஞ்சகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். செவந்தானுக்குத் தந்திரம் சுட்டுப்போட்டாலும் வராது. அதனிடம் கொட்டிக் கிடந்ததெல்லாம் மகள் மேல் பாசம்தான். அந்தப் பாசத்தால்தான் ஒரு நாள் காடே அல்லோலகல்லோலப்பட்டது.

மகள் பெயர் மின்னி. இலுப்பை மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் படித்தது. அங்கே கூர்மதி என்ற முள்ளம்பன்றிதான் டீச்சர். கோபம் வந்தால் டீச்சரின் முட்கள் எல்லாம் சரசரவென்று எழுந்து நிற்கும். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு வாங்கவே இல்லை.

நரிப் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மற்றப் பெற்றோர்கள் மூன்று நாள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள்.

"டப்பாவில் ஒரே ஒரு நாள் இறைச்சி வந்தாலும் சரி, அன்றோடு மின்னிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது!"

செவந்தான் ஈரக் களிமண்ணில் பாதத்தை அழுத்திப் பதித்துச் சம்மதம் கொடுத்தது. அந்தக் களிமண் காய்ந்து வில்லையாகி, எல்லோரும் பார்க்கும்படி இலுப்பை மரப் பொந்தின் வாயில், மழை படாமல் தொங்கியது.

டப்பா என்றால் இரண்டு கொட்டாங்கச்சி. ஒன்றில் சாப்பாட்டை வைத்து, இன்னொன்றை மேலே கவிழ்த்து, கொடியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். டீச்சர் "ஒன்று, இரண்டு, திற!" என்பார். எல்லா டப்பாவும் ஒரே நேரத்தில் திறக்கும். யாரும் முன்னாலேயே திறந்து நக்கிப் பார்க்கக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது.

மின்னிக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். காலையில் துள்ளிக்கொண்டு போகும். ஆனால் சாயங்காலம் டப்பா மட்டும் போன மாதிரியே திரும்பி வரும். வைத்தது வைத்தபடி உள்ளே இருக்கும். மின்னி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனது.

செவந்தான் தினமும் டப்பாவைத் திறந்து பார்த்துக் கவலைப்பட்டது. தாய் நரி பிரசவத்துக்காக ஆற்றுக்கு அக்கரையில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. அதனால் சமையல் முழுக்க செவந்தானின் தலையில்தான். அதற்குத் தெரிந்த சைவச் சமையல் ஒன்றே ஒன்று. அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு! திங்கள்கிழமை கிழங்கு. செவ்வாய்க்கிழமை கிழங்கு. புதன்கிழமை ஒரு மாறுதலுக்காகக் கிழங்கை இரண்டாக வெட்டி வைத்தது.

"ஏன் கண்ணு சாப்பிடலை? கிழங்கு பிடிக்கலையா?" என்று கேட்டது செவந்தான்.

"அது இல்லப்பா, அது வந்து..."

"பிடிக்கலைதான்! அப்பாவுக்குத் தெரியாதா? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், தங்கம். அப்பா பாத்துக்கறேன்!"

மின்னி திறந்த வாயை மூடிக்கொண்டது.

அந்த வீட்டுக்கு மேலே பூவரச மரத்தில் பச்சைநாயகி என்று ஒரு கிளி குடியிருந்தது. டவுன் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய கொய்யா மரத்துக்குத் தினமும் போய் வரும். அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று அதற்கு நினைப்பு.

"அண்ணே! காலம் எங்கேயோ போயிடுச்சு. நீங்க இன்னும் கிழங்கைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே!" என்றது பச்சைநாயகி.

"வேற என்னம்மா செய்யறது?"

"டவுன்ல அம்மாமாருங்க என்ன பண்றாங்க தெரியுமா? பூனை மாதிரி தோசை! முயல் மாதிரி இட்லி! மிளகுல கண்ணு வச்சு, கேரட்டுல மூக்கு வச்சு! பிள்ளைங்க டப்பாவைத் திறந்ததும் 'ஐ, முயல்!'னு கத்திக்கிட்டே காதைக் கடிக்குதுங்க!"

"முயல் மாதிரியா?"

"முயல் மாதிரியேதான்! அப்புறம் கலர் முக்கியம் அண்ணே. செக்கச்செவேல்னு ஏதாவது இருக்கணும். சிவப்பு இல்லாம எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது!"

கொஞ்சமாவது விவரம் உள்ள நரியாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கும். செவந்தானுக்குத்தான் பாசம் கண்ணை மறைத்துவிட்டதே! உடனே வாலை வரிந்து கட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டது.

அது ஐப்பசி மாதம். அடைமழை கொட்டிவிட்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் வெறித்திருந்தது. அந்த ஆண்டு மூங்கில் பூத்து அரிசி உதிர்ந்திருந்தது. செவந்தான் அதைப் பொறுக்கி, உலர்த்தி, கல்லில் வைத்து மாவாக இடித்தது. ஆற்றில் மிதந்து வந்த தேங்காயை உடைத்துத் துருவியது. மலைத்தேனை ஊற்றிப் பூரணம் கிளறியது. சிவப்புக்கு என்ன செய்வது? சப்பாத்திக்கள்ளிப் பழம்! அதைப் பறிக்கப் போய் மூக்கில் முள், நாக்கில் முள், உட்காரும் இடத்திலும் முள். ஆனாலும் பழத்தைப் பிழிந்து பூரணத்தில் விட்டபோது, அடடா, என்ன ஒரு சிவப்பு!

விறகு ஈரம். ஊதி ஊதிச் செவந்தானின் கன்னம் வீங்கிவிட்டது. முதலில் பிடித்த கொழுக்கட்டை பூசணிக்காய் மாதிரி இருந்தது. இரண்டாவதற்கு மூக்கு நீண்டு, டீச்சர் மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் அதை உடனே வாயில் போட்டுக்கொண்டது. மூன்றாவது தடவை, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முயலை மனத்தில் நினைத்துக்கொண்டு பிடித்தது. அது மின்னியின் உயிர்த் தோழி துத்தி. துத்திக்கு இடது காது பாதியில் மடங்கியிருக்கும். செவந்தான் அந்த மடிப்பைக்கூட விடவில்லை. கண்ணுக்கு மிளகு வைத்தது. கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருக்கட்டும் என்று அந்த மிளகின்மேல் மாவால் இமையும் ஒட்டியது.

"அப்படியே துத்தி!" என்று தன் கையைத் தானே முத்தமிட்டுக்கொண்டது.

மறுநாள் காலை மின்னி டப்பாவை வாங்கிக்கொண்டது. "என்னப்பா உள்ளே?" என்று கேட்டது.

"சொல்ல மாட்டேன்! திறக்கும்போது பாரு. எல்லாரும் அசந்துபோயிடுவாங்க!"

அந்த ஒரு விஷயத்தில் செவந்தான் சொன்னது அப்படியே பலித்தது.

மத்தியானம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். துத்தி மட்டும் கை கழுவ ஓடைக்குப் போனது இன்னும் வரவில்லை. "ஒன்று, இரண்டு, திற!" என்றார் டீச்சர்.

எல்லா டப்பாவும் திறந்தன. எல்லாக் கண்ணும் மின்னியின் டப்பாவுக்குப் போனது. அது தினமும் நடப்பதுதான்.

கொட்டாங்கச்சிக்குள் துத்தி சுருண்டு படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. இடது காது மடங்கியிருந்தது. மின்னி துள்ளிக்கொண்டு வந்ததில் கழுத்து லேசாக விரிசல் விட்டு, அதிலிருந்து செக்கச்செவேல் என்று சாறு வழிந்துகொண்டிருந்தது.

அணில் குட்டி மல்லாந்து மயங்கி விழுந்தது. மான்குட்டி தன் டப்பாவுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டது.

"துத்தி!" என்று அலறியது காட்டுப்பன்றிக் குட்டி. "துத்தியைச் சின்னதா ஆக்கி, அவிச்சுக் கொண்டாந்துட்டாங்க!"

டீச்சரின் முட்கள் சரசரவென்று எழுந்தன. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. துத்தியின் அம்மா வெள்ளச்சி வயிற்றில் அடித்துக்கொண்டு வந்தது. "என் ராசாத்தி! காலையிலதானே முள்ளங்கி இலை தின்னுட்டுப் போனே!" என்று புரண்டு புரண்டு அழுதது. பெற்றோர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன ஆச்சு? யாரு செத்துப்போனாங்க?"

மயக்கம் தெளிந்த அணில் குட்டி, "நீதான்!" என்றது.

ஈரக் கையோடு துத்தி நின்றுகொண்டிருந்தது. வெள்ளச்சி மகளைத் தூக்கி, உச்சிமுதல் வால்வரை தடவிப் பார்த்தது. மகள் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை.

"அப்ப டப்பாவில இருக்கறது யாரு?" என்று கத்தியது வெள்ளச்சி. "எங்க குடும்பத்து முகம் எனக்குத் தெரியாதா? இருங்க, யாரைக் காணோம்னு எண்ணிப் பாக்கறேன்! பெரியப்பா ஒண்ணு, சித்தப்பா ரெண்டு..."

முயல் குடும்பம் ஆயிற்றே! இருநூறைத் தாண்டியதும் வெள்ளச்சிக்குக் கணக்கு விட்டுப்போய், மறுபடியும் பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்தது.

அதற்குள் செவந்தானைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஐயா, சாமி! அது கொழுக்கட்டைங்க! வெறும் மாவுங்க!" என்று கும்பிட்டது செவந்தான்.

"ரத்தம் வழியுது!"

"கள்ளிப்பழச் சாறுங்க! இந்தாங்க, என் மூக்கைப் பாருங்க, இன்னும் முள்ளு இருக்கு! வேணும்னா நானே தின்னு காட்டறேன்!"

"ரொம்ப நல்லாருக்கு!" என்றார் டீச்சர். "நரி முயலைத் தின்னு காட்டினா, அதை நாங்க சாட்சியா எடுத்துக்கணுமா?"

அதுவும் நியாயம்தான். வேறு யாராவது தின்று பார்க்க வேண்டும். கரடி வானத்தைப் பார்த்தது. மான் தரையைப் பார்த்தது. துத்தியின் முகத்தோடு இருப்பதை யார்தான் வாயில் வைப்பார்கள்? டீச்சர் பெருமூச்சு விட்டுக்கொண்டு, மரத்தில் தொங்கிய களிமண் வில்லையை எடுக்கக் கையை நீட்டினார். அதை எடுத்து உடைத்தால் மின்னிக்குப் பள்ளிக்கூடம் அன்றோடு சரி.

மின்னி தேம்பித் தேம்பி அழுதது. செவந்தானோ, பிள்ளைக்கு நல்லது செய்யப் போய், அதன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுவிட்டோமே என்று நினைத்து நினைத்து நொந்துபோனது.

"நில்லுங்க டீச்சர்!" என்று ஒரே தாவாகத் தாவி வந்தது துத்தி. "இது என்னை மாதிரிதானே இருக்கு? அப்ப நான்தான் தின்னு பாக்கணும்!"

"வேண்டாம்டி!" என்று வெள்ளச்சி கத்துவதற்குள், துத்தி மடங்கிய காதை நறுக்கென்று கடித்துவிட்டது.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா! என் காது இனிக்குது!"

அடுத்த கடி. "என் தலைக்குள்ள தேங்காய் இருக்கு!"

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றது வெள்ளச்சி, அழுகையை நிறுத்தாமலே.

மூன்றாவது கடியில் மிளகு மாட்டியது. துத்தி ஏழு தடவை தும்மியது. அதைப் பார்த்துக் காட்டுப்பன்றிக் குட்டி சிரித்தது. கரடி சிரித்தது. கடைசியில் டீச்சரும் சிரித்துவிட்டார். முட்கள் எல்லாம் படுத்துக்கொண்டன.

"இந்தாடி மின்னி, என் வாலை நீ தின்னு!" என்று மிச்சத்தை நீட்டியது துத்தி.

மின்னி தலையைக் குனிந்துகொண்டது.

"ஏன் கண்ணு, இதுவும் பிடிக்கலையா?" என்று கேட்டது செவந்தான். ஓடியும் கும்பிட்டும் களைத்துப் போயிருந்ததால், வழக்கம்போல் தானே பதில் சொல்ல அதற்குத் தெம்பு இல்லை. அதனால் சும்மா இருந்தது.

"எனக்குக் கிழங்குதாம்ப்பா பிடிக்கும்," என்றது மின்னி மெதுவாக. "ஆனா நான் டப்பாவைத் திறந்தா எலும்பு இருக்கான்னு எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க. வாயைத் திறந்தா பல்லையே பாக்கறாங்க. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவந்தானுக்கு வெட்கமாகிவிட்டது. இதைத்தானே அன்றைக்கே பிள்ளை சொல்ல வந்தது! மகளை இழுத்து அணைத்துக்கொண்டது.

டீச்சர் களிமண் வில்லையை மரத்திலிருந்து கழற்றினார். அதை உடைக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் தொப்பென்று போட்டார். பாதம் பதித்த தடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"இனிமே அவங்கவங்க டப்பாவை அவங்கவங்க பாத்தா போதும்!" என்றார். பிள்ளைகளிடம் சொல்வது போல்தான் சொன்னார், ஆனால் பார்த்ததெல்லாம் பெற்றோர்களை.

"மாமா!" என்று செவந்தானின் வாலைப் பிடித்து இழுத்தது துத்தி. "நாளைக்கு எனக்கு ஒரு நரிக் கொழுக்கட்டை வேணும்! மிளகு வேண்டாம்!"

மறுநாள் மத்தியானம் டப்பாக்கள் திறந்தன. துத்தியின் டப்பாவில் கூரான மூக்கும் குண்டு வாலுமாக ஒரு நரி. மின்னியின் டப்பாவில் ஒரு முழுக் கிழங்கு. துத்தி வாலிலிருந்து ஆரம்பித்து நரியை ஒரு பொட்டு விடாமல் தின்று தீர்த்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து மின்னி கிழங்கைத் தின்றது. காட்டில் முயல் நரியைத் தின்ற முதல் நாள் அதுதான்!

அன்று சாயங்காலம் மின்னியின் டப்பா நக்கித் துடைத்த கொட்டாங்கச்சியாக வீடு திரும்பியது. செவந்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. மேலே பூவரச மரத்திலிருந்து பச்சைநாயகி, "அண்ணே, டவுன்ல இப்ப புதுசா என்ன பண்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தது. செவந்தான் காதைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு என்ன வேணும், கண்ணு?" என்று மகளைக் கேட்டது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

ஊரைக் கேட்டுச் செய்கிற ஒன்பது பலகாரத்தைவிட, பிள்ளையைக் கேட்டு, அது பதில் சொல்லும்வரை பொறுத்திருந்து வைக்கிற ஒரு கிழங்கே மேல்.