அணிலின் கொம்புக்கு ஒரு காப்பீடு

நாவல் மரமும் வாதாமரமும் அடர்ந்த ஒரு காட்டில் பூவாலி என்றோர் அணில் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். எதையும் இரண்டு தரம் முகர்ந்து பார்த்த பிறகுதான் கடிப்பாள். மற்ற அணில்கள் அதைச் சொல்லிக் கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டுமே!

அந்தக் காட்டில் கரடி வைத்தியர் ஒருவர் இருந்தார். காய்ச்சலோ, காயமோ, யார் வந்தாலும் காசு பணம் கேட்காமல் பச்சிலை கட்டிவிடுவார். வரிசைதான் கொஞ்சம் நீளம். ஆனால் பல்லை மட்டும் தொடமாட்டார். “பல்லு மரங்கொத்தியோட வேலை, அங்கே போங்க” என்று அனுப்பிவிடுவார். மரங்கொத்தியோ ஒரு பல்லைச் சரிசெய்யப் பத்து வாதாங்கொட்டை கேட்கும்.

குழந்தைகளே, அணிலுக்குப் பல் போனால் பிழைப்பே போயிற்று அல்லவா? அந்தக் கவலை பூவாலியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் நெருங்கிய சமயம் பார்த்து நரி ஒன்று கையில் ஓலைச் சுருளோடு வந்து சேர்ந்தது.

“கரடி வைத்தியத்தை மட்டும் நம்பினா ஆகுமா? என் காப்பீட்டுல சேருங்க! அறுபது நோய்க்குக் காப்பு. நோய்க்கு ஒரு பழமோ கொட்டையோ கொடுத்தாப் போதும். நோய் வந்தா முழுச் செலவும் என்னோடது!” என்று கூவியது.

ஓலையை விரித்தால் அது நரியின் வாலையும் தாண்டி நீண்டது. அந்த நீளத்தைப் பார்த்தே விலங்குகள் மயங்கிப்போயின.

துள்ளிக் குதித்தபடி மான் வந்தது. “பூவாலி, நான் அறுபது நாவல் பழம் கொடுத்துச் சேர்ந்துட்டேன்! தும்பிக்கை சுளுக்கினாக்கூட நரி மாமா பாத்துக்குவாராம்!”

பூவாலி யோசித்தாள். பொந்தில் இருந்தவை நூறு கொட்டைகள். மழை விடும்வரை குட்டிகளுக்கும் அவளுக்கும் தொண்ணூறாவது வேண்டும். அறுபதை நரியிடம் கொடுத்தால் குட்டிகள் பட்டினி. கொடுக்காமல் இருந்து பல் போனாலோ, அப்போதும் பட்டினிதான். பாவம், என்னதான் செய்வாள்?

அறுபது கொட்டைகளை எடுத்துக் கிளையில் குவித்து வைத்தாள். “மாமா, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் படிங்க, கேப்போம்” என்றாள்.

நரி குவியலைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு தொடங்கியது. “கொம்பு முறிவு!”

“எனக்குக் கொம்பு இல்லையே மாமா. ஒரு கொட்டை கழிச்சுக்குங்க.”

“குளம்பு வெடிப்பு!”

“அதுவும் இல்லையே.”

“காய்ச்சல்?”

“அதைக் கரடி ஐயா சும்மாவே பாக்குறாரே. அதையும் கழிச்சுக்குங்க.”

தும்பிக்கைச் சுளுக்கு, சிறகு உதிர்தல், செவுள் அடைப்பு என்று போகப்போக நரியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பூவாலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையை எடுத்துப் பொந்துக்குள் திரும்பப் போட்டாள். குட்டிகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

கடைசியில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது. அது பல்லுக்கு உரியது.

பூவாலியின் முகம் மலர்ந்தது. “ஒரே கொட்டைக்குப் பல் வைத்தியமா! இதுக்குத்தானே காத்திருந்தேன். இந்தாங்க மாமா!”

நரி தொண்டையைச் செருமியது. “பல்லுக்கு மட்டும் ஒரு சின்ன விதி இருக்கும்மா. கொட்டையை இப்பவே கொடுத்துடணும். வைத்தியம் ரெண்டு மழைக்காலம் கழிச்சுத்தான்.”

“அதுக்கென்ன, ரெண்டு மழைக்காலம் கழிச்சே பாத்துக்கலாம்” என்ற பூவாலி, நீட்டிய கொட்டையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். “கொட்டையையும் அப்பவே வந்து வாங்கிக்குங்க மாமா!”

மரத்தடியில் நின்ற மான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் குட்டையில் தன் முகத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தது. தும்பிக்கையைக் காணோம். அவ்வளவுதான்!

“நரி மாமா, நில்லுங்க! என் நாவல் பழத்தைக் கொடுத்துட்டுப் போங்க!”

நரி ஓட, மான் துரத்த, ஓலைச் சுருள் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பூவாலி மட்டும் நிதானமாகப் பத்துக் கொட்டைகளை எண்ணி, மரங்கொத்திக்கென்று தனிப் பொந்தில் பத்திரப்படுத்தினாள்.

நீதி: பட்டியலின் நீளத்தைப் பார்த்து விலை கொடுக்காதே; அதில் உனக்கு உதவுவது எது, எப்போது என்று கேட்டுவிட்டுக் கொடு.