லண்டன் தூண்டில்

ஏழு மலைக்கு அப்பால் எட்டாவது மலையில் ஓர் ஏரி இருந்ததாம். அங்கே படகு தள்ளும் பெள்ளி, சந்தையில் மலிவாக வாங்கி வைத்திருந்த வெறுங்கம்புக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு கம்பை உருவி, நரம்பு ஓடும் வளையங்களை அதில் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டி, தனக்கென்று தூண்டில் செய்துகொண்டான்.

எஸ்டேட் முதலாளி சிங்காரவேலர் கரையில் நின்றவர்கள் முன்னால் அதைப் பார்த்துச் சிரித்தார். தன் தூண்டிலை வீசினார். முள் அக்கரைப் பாறையோரம் போய் விழுந்தது.

"பார்த்தியா? இந்த வீச்சு லண்டன் சரக்குக்குத்தான் வரும். உன் வெறகுக்குச்சி இதை ஜெயிக்கணும். இல்லேன்னா முழங்கால்ல வெச்சு ஒடிச்சிருவேன்."

பெள்ளி தன் கம்பை அணைத்துக்கொண்டான். "ஜெயிக்காதுங்க மொதலாளி. தோக்கவும் செய்யாதுங்க."

"அதெப்படி?"

"போன தை மாசம் உங்களுது ஜீப்புக் கதவுல சிக்கி ஒடிஞ்சுது. சரிபண்ணுன்னு எங்கிட்டதான் கொடுத்தீங்க. கைப்பிடி மட்டுந்தான் லண்டனுதுங்க. மேல இருக்கிறது இதே கட்டுல வந்த கம்பு."

முதலாளி தன் தூண்டிலைத் திருப்பிப் பார்த்தார். வளையத்துக்கு வளையம் அதே சிவப்பு நூல், அதே முடிச்சு. சுற்றி நின்றவர்கள் ஏரியைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எதை மொதல்ல ஒடிக்கிறீங்க?" என்று பணிவாகக் கேட்டான் பெள்ளி.

முதலாளி தூண்டிலைப் பத்திரமாக ஜீப்பில் கிடத்தினார். இந்த முறை கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போனார்.