கூட்டாமல், குறைக்காமல்

இது தீராத ஒரு வழக்கு. கேட்டு முடித்தபின் தீர்ப்புச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தெய்வநாயகத்துக்கு ஒரே ஒரு பித்து. வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் செய்வார். பெரிய சக்தி எதுவும் இல்லை. ஒரு வாட், மிஞ்சினால் இரண்டு. "நல்ல பெட்டி இருந்தா ஒரு வாட்டே வீட்டை நிறைக்கும்" என்பார். அதற்கென்று தேக்குப் பலகையில் அவரே இழைத்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு, ஆளுயரத்துக்கு நின்றன.

மனைவி செண்பகக்கனி கதவுக்கு இந்தப் பக்கம் இருபத்தாறு வருஷம் வாழ்ந்தாள். பிள்ளைகள் இல்லை. உள்ளே பாட்டு மாறினால் பொழுது மாறியது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் இரண்டு சிநேகிதர்கள் வருவார்கள். ஒருவர் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த சொர்ணலிங்கம். மீட்டர் காட்டாத எதையும் நம்பமாட்டார். மற்றவர் ரேடியோ பழுதுபார்க்கும் ஜெபமணி. "மீட்டரா உக்காந்து பாட்டுக் கேக்கப் போகுது?" என்பது அவர் கட்சி. இருவரும் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்தவர்கள். இருவருக்கும் அந்தப் பெட்டிகள் மேல் ஒரு கண்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தெய்வநாயகம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெட்டி ரெண்டும் சும்மா கெடக்கக் கூடாது. டேப் நாடாவுல உள்ளதை உள்ளபடி எவன் குடுக்கானோ அவனுக்குக் குடுத்துரு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தீர்ப்பு உன் காதுக்கு." அவள் சரி என்றாள். நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

அதன்பின் வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில்தான். தொலைக்காட்சியை ஓடவிட்டுப் பார்த்தாள். அது யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தே வைத்தும் பின்னறைக்குள் போக அவளுக்குக் கால் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சொன்னதைச் செண்பகக்கனி சொல்லியனுப்ப, சிநேகிதர்கள் இருவரும் தத்தம் ஆம்ப்ளிஃபயரோடு வந்தார்கள். சொர்ணலிங்கத்துடையது டிரான்சிஸ்டர், தீப்பெட்டிகளை அடுக்கிவைத்த அளவுதான். ஜெபமணியுடையது பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு, சூடேறியதும் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது.

சொர்ணலிங்கம் முதலில் மீட்டரை வைத்து, மற்ற இருவர் கண்ணெதிரே அளந்தார். "மைனி, உள்ளதைச் சொல்லுதேன். நாடாவுல இல்லாத சத்தத்தை என்னுடையது ஆயிரத்துல ஒரு பங்குகூடச் சேர்க்காது. ஜெபமணியுடையது நூத்துக்கு மூணு பங்கு கூடுதலாச் சேர்க்குது."

ஜெபமணி மறுக்கவில்லை. "சேர்க்குது மைனி. வால்வு அப்படித்தான்."

சத்தம் சற்றுக் கூடினாலே காதுக்கு இனிக்கும் என்பதால், இரண்டின் ஒலியளவையும் சொர்ணலிங்கமே மீட்டர் பார்த்துச் சமமாக்கினார். எது ஓடுகிறது என்று தெரியாதபடி செண்பகக்கனி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜெபமணி அலமாரியில் கைக்கு அகப்பட்ட நாடாவை எடுத்துப் போட்டார்.

அதில் பாட்டு இல்லை. தெய்வநாயகம் எப்போதோ மைக்கைச் சோதித்துப் பார்த்த நாடா அது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... செண்பகம், அங்க கேக்குதா? சே, மைக் பத்தலை. கீழ்க்குரல் நாடாவுல ஏறவே மாட்டேங்குது."

பதினோரு விநாடி. அவ்வளவுதான்.

முதல் தடவை குரல் மெலிந்து, தகரத்தில் பட்டதுபோல் வந்தது. நாடாவின் இரைச்சல்கூடத் தெளிவாகக் கேட்டது. அவள் அசையாமல் இருந்தாள். சொர்ணலிங்கம் வயரை மாற்றினார். இரண்டாம் தடவை அதே பதினோரு விநாடி. அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் கனத்தோடு, "செண்பகம்" என்று தெய்வநாயகம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். அவள் "ம்..." என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஆண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ரெண்டாவது யாரோடது?"

"என்னுடையது மைனி" என்றார் ஜெபமணி.

"அப்போ பெட்டி உங்களுக்குத்தான் தம்பி. நூத்துக்கு மூணு கூடுதல்னு சொன்னாகளே, அந்த மூணைத்தான் நான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்."

ஜெபமணி பெட்டிகளைத் தொடவில்லை. "கூட்டக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காக. நான் கூட்டிட்டேன். இது சொர்ணலிங்கத்துக்குச் சேர வேண்டியது."

"தீர்ப்பு மைனி காதுக்குன்னும் அண்ணாச்சிதான் சொல்லியிருக்காக" என்று சொர்ணலிங்கம் மீட்டரைப் பைக்குள் வைத்தார். "மைனி சொன்னபிறகு நான் கை நீட்டமாட்டேன்."

பிறகு இருவரும் எழுந்தார்கள். "வால்வு சூடா இருக்கு, ஆறட்டும். அப்புறம் வந்து ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கிடுதேன்" என்றார் ஜெபமணி. அவர் எடுக்க வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொர்ணலிங்கமும் வருவதில்லை. பெட்டிகள் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

செண்பகக்கனி மனமறிந்து ஜெபமணிக்குக் கொடுத்தாள். ஜெபமணி வேண்டாம் என்றார். சொர்ணலிங்கம் தனக்கு வரவேண்டியதைக் கேட்கவில்லை. இறந்தவருக்குக் கொடுத்த வாக்கோ இன்னும் நிறைவேறவில்லை.

சொல்லுங்கள்: பெட்டிகள் யாருக்குச் சேரும்? மூவரில் யார் செய்தது சரி?

விடை: பெட்டிகள் சொர்ணலிங்கத்துக்கே. கீழ்க்குரல் அந்த நாடாவில் ஏறவில்லை என்று தெய்வநாயகமே அதில் சொல்லியிருக்கிறார். இல்லாத கனம் இரண்டாம் தடவை கேட்டதென்றால், அது ஆம்ப்ளிஃபயர் கூட்டியது. அவள் கணவரின் குரலோடு அது பொருந்தியது தற்செயல். ஆக, கூட்டியது எது என்று செண்பகக்கனியின் காது சரியாகவே தீர்ப்புச் சொன்னது. வாய்தான் பெட்டியை மற்றவருக்கு என்று மாற்றிச் சொன்னது. சொர்ணலிங்கம் ஒதுங்கியது பெருந்தன்மை, ஆனால் வாக்கு அதனால் அந்தரத்தில் நின்றது. தன் கைக்கு வந்ததைத் தனக்கு எதிராகவே உண்மை பேசி விட்டுக்கொடுத்த ஜெபமணி செய்ததுதான் சரி. விடை இத்தனை தெளிவாக இருந்தும், அவள் வீட்டுப் படியேறி அதைச் சொல்ல இன்றுவரை ஒருவருக்கும் மனம் வரவில்லை.